ரீப்ளேஸ், டிரான்ஸ்லேட், ரெஜெக்ஸ்: பாமினி கோப்புகளை யூனிகோடாக்க எது வேகம்?

கேள்வி இதுதான். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கோப்புகள் நிறைய இருக்கின்றன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றப் பைத்தானில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறீர்கள். அதில் பாமினி குறி, அதற்கான தமிழ் எழுத்து என்று சுமார் 250 ஜோடிகள் கொண்ட ஒரு பட்டியல், ஜோடிக்கு ஒரு ரீப்ளேஸ் (ஒன்றைத் தேடி அந்த இடத்தில் இன்னொன்றை வைக்கும் கட்டளை) என்று ஒரு லூப். வேலை நடக்கிறது, ஆனால் மெதுவாக இருக்கிறது. ரெஜெக்ஸுக்கு (எழுத்துகளின் அமைப்பைச் சொல்லித் தேடும் முறை) மாறினால் வேகம் கூடுமா, டிரான்ஸ்லேட்தான் (அட்டவணையைப் பார்த்து எழுத்தெழுத்தாக மாற்றும் கட்டளை) எல்லாவற்றிலும் வேகம் என்கிறார்களே, அது சரியா என்று கேட்கிறீர்கள்.

உங்கள் வேலைக்கு என் பரிந்துரை ஒரு டிரான்ஸ்லேட், இரண்டு சின்ன ரெஜெக்ஸ், கடைசியில் ஒரே எழுத்தின் வேறு வேறு சேமிப்பு வடிவங்களை ஒன்றாக்கும் ஒரு நார்மலைஸ். ஏன் என்று சொல்வதற்கு முன் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். இந்த மூன்றும் ஒரே வேலையைச் செய்பவை அல்ல. ஒரே விடையைத் தராத இரண்டு வழிகளின் வேகத்தை ஒப்பிடுவதில் பயனில்லை. வேகப் பட்டியல்களில் பெரும்பாலும் விடுபடுவது இதுதான்.

வரிசையாக ரீப்ளேஸ் செய்தால், முதல் மாற்றத்தின் விளைவு இரண்டாவது மாற்றத்துக்கு உள்ளீடாகிறது. 'சென்னை'யை 'மதுரை'யாகவும் 'மதுரை'யை 'சென்னை'யாகவும் மாற்ற நினைத்து இரண்டு ரீப்ளேஸ் எழுதினால், கடைசியில் கோப்பு முழுக்க சென்னைதான் மிஞ்சும். டிரான்ஸ்லேட்டும் ரெஜெக்ஸும் உரையை இடமிருந்து வலமாக ஒரே முறை கடந்து போகின்றன. மாற்றிய இடத்தை மறுபடி பார்ப்பதில்லை. பாமினியில் உள்ளீடு ஆங்கில விசைகளின் குறிகள், வெளியீடு தமிழ். அதனால் இந்த வகைக் குழப்பம் உங்களுக்கு வராது. உங்களுக்கு வரும் சிக்கல் வரிசை. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ரீப்ளேஸ் உள்ளே என்ன செய்கிறது என்று பார்ப்போம். பைத்தானில் ஸ்ட்ரிங்கை இருந்த இடத்திலேயே மாற்ற முடியாது. ஒவ்வொரு ரீப்ளேஸும் ஒரு புது ஸ்ட்ரிங்கை உருவாக்குகிறது. நீளம் மாறும் மாற்றம் என்றால், சிபைத்தான் (நாம் வழக்கமாகப் பயன்படுத்தும், சி-யில் எழுதப்பட்ட பைத்தான்) முதலில் உரை முழுவதையும் கடந்து எத்தனை இடங்கள் பொருந்துகின்றன என்று எண்ணும். பிறகு தேவையான அளவு மெமரியை ஒரே தடவையில் ஒதுக்கி, இரண்டாம் முறை கடந்து நகலெடுக்கும். ஒரு இடம்கூடப் பொருந்தவில்லை என்றால் நகலே கிடையாது, பழைய ஸ்ட்ரிங்கையே திருப்பிக் கொடுத்துவிடும். இந்தக் கடைசி விஷயம் முக்கியமானது. அரிதாகவே பொருந்தும் மாற்றங்களுக்கு ரீப்ளேஸ் மிகவும் மலிவு.

தேடும் வேலையும் நன்றாகச் செதுக்கப்பட்டது. 2006-இல் வந்த பைத்தான் 2.5-இலிருந்து பாயர்-மூர், ஹார்ஸ்பூல் முறைகளைக் கலந்த ஒரு வேகத் தேடல் உள்ளே இருக்கிறது. 2021-இல் வந்த 3.10-இல், நீளமான உரைகளில் தேடல் இருபடியாகப் பெருகிவிடாமல் இருக்க, குரோஷ்மோர்-பெரின் இருவழித் தேடலும் சேர்ந்தது. இவை எல்லாம் சி-யில் ஓடுபவை. ஒரு எழுத்தைத் தேடுவது மெமரியை வாசிக்கும் வேகத்தை நெருங்கும்.

அப்படியானால் உங்கள் ஸ்கிரிப்ட் ஏன் மெதுவாக இருக்கிறது? கணக்கு எளிது. 10 லட்சம் எழுத்துகள் கொண்ட கோப்பில் 250 ரீப்ளேஸ் என்றால் 25 கோடி எழுத்துகளைப் பார்க்க வேண்டும். பொருந்தும் மாற்றங்களில், எண்ணுவதற்கு ஒரு கடப்பு, நகலெடுப்பதற்கு ஒரு கடப்பு என்று அதுவும் இரட்டிப்பாகிறது. இன்னொன்றும் நடக்கிறது. 2012-இல் வந்த பைத்தான் 3.3-இலிருந்து, ஒரு ஸ்ட்ரிங்கில் உள்ள மிகப் பெரிய குறியெண்ணை (யூனிகோட் ஒவ்வொரு எழுத்துக்கும் தரும் எண்) பொறுத்து எழுத்துக்கு 1, 2 அல்லது 4 பைட் ஒதுக்கப்படுகிறது. பாமினி உரை பெரும்பாலும் 1 பைட் உரை. முதல் தமிழ் எழுத்து உள்ளே வந்த உடனேயே ஸ்ட்ரிங் முழுவதும் 2 பைட்டுக்கு மாறிவிடும். மீதி ரீப்ளேஸ்கள் எல்லாம் இரு மடங்கு மெமரியில் ஓடுகின்றன. கோப்பில் எங்காவது ஒரே ஒரு எமோஜி இருந்தால் 4 பைட்.

நீங்கள் கோப்பை வரி வரியாகப் படித்து, ஒவ்வொரு வரிக்கும் 250 ரீப்ளேஸ் ஓட்டுகிறீர்கள் என்றால், மெதுவாக இருப்பதற்குக் காரணம் வேறு. சின்ன ஸ்ட்ரிங்கில் தேடும் நேரத்தைவிட மெத்தடை அழைக்கும் செலவுதான் அதிகம். 20,000 வரி என்றால் 50 லட்சம் அழைப்புகள். வேறு எதையும் தொடாமல், கோப்பை மொத்தமாகப் படித்து ஒரே ஸ்ட்ரிங்கில் அந்த 250-ஐ ஓட்டிப் பாருங்கள். இதுவே போதுமான வேகத்தைக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு.

சரி, டிரான்ஸ்லேட். இதைப் பற்றிய நம்பிக்கை ஆங்கில உரைகளை வைத்து வந்தது. உள்ளீடும் ஆஸ்கி (ஆங்கில எழுத்துகளும் அடிப்படைக் குறிகளும் மட்டும்), வெளியீடும் ஆஸ்கி என்றால் சிபைத்தான் 128 இடங்கள் கொண்ட ஒரு சின்ன அட்டவணையில் மாற்றங்களை நினைவு வைத்துக்கொண்டு பறக்கும். அந்தக் குறுக்குவழி தமிழுக்குக் கிடையாது. ஒரு எழுத்து தமிழாக மாறினாலும் சாதாரண வழிக்கு இறங்கிவிடும். அந்த வழியில் ஒவ்வொரு எழுத்துக்கும் அதன் குறியெண்ணை ஒரு பைத்தான் எண்ணாக்கி, டிக்ஷனரியில் தேடி, விடையை ஒட்ட வேண்டும். எழுத்து டிக்ஷனரியில் இல்லை என்றால் இன்னும் மோசம். உள்ளே ஒரு கீஎரர், அதாவது 'தேடியது அட்டவணையில் இல்லை' என்ற பிழை எழும்பி, அதைப் பிடித்து அழித்து, எழுத்தை அப்படியே விடுகிறது. இடைவெளி, புதுவரி, எண் என்று உங்கள் அட்டவணையில் இல்லாத ஒவ்வொன்றுக்கும் இது நடக்கிறது.

அதனால், தமிழ் யூனிகோட் உரையில் இரண்டு மூன்று எழுத்துகளை மாற்ற டிரான்ஸ்லேட்டைப் பயன்படுத்துவது வீண் செலவு. அங்கே இரண்டு மூன்று ரீப்ளேஸ்தான் வேகம். தமிழ்க் குறியெண்கள் 2944 முதல் 3071 வரை. பைத்தான் 256 வரையான சின்ன எண்களைத் தயாராக வைத்திருக்கும், இந்தப் பெரிய எண்களை அந்தந்த நேரத்தில் உருவாக்க வேண்டும். பாமினி உரை இதற்கு நேர்மாறு. உள்ளீட்டின் குறியெண்கள் பெரும்பாலும் 256-க்குள் இருப்பவை. ஏறக்குறைய எல்லா எழுத்தும் மாற வேண்டியவை. ஒரே கடப்பில் எல்லாம் முடியும். இடைவெளி, புதுவரி, எண்கள், பாமினியில் தமிழ் எழுத்தாகாத நிறுத்தக்குறிகள் ஆகியவற்றையும் 'தன்னைத் தானே' என்று அட்டவணையில் சேர்த்துவிட்டால் அந்தக் கீஎரர் செலவும் போய்விடும்.

ஆனால் டிரான்ஸ்லேட்டின் இடது பக்கம் ஒரே ஒரு எழுத்துதான் வரலாம். வலது பக்கம் எத்தனை எழுத்து வேண்டுமானாலும் வரலாம். பெரிய ஜே 'து' ஆவது சுலபம், த-வும் உகரக் குறியுமாக இரண்டு குறியெண்கள் ஒன்றிலிருந்து வருகின்றன. 'தமிழ்' என்ற சொல்லும் சுலபம். ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து விசைகள் முறையே த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. நேருக்கு நேர் மாறிவிடும்.

'தொலைபேசி' என்று வரும்போதுதான் சிக்கல். பாமினி கண்ணால் பார்க்கும் வரிசையில் சேமிக்கிறது. 'தொ' என்பது என், ஜே, எச், அதாவது ஒற்றைக்கொம்பு, த, துணைக்கால். யூனிகோட் ஒலிக்கும் வரிசையில் சேமிக்கிறது. முதலில் த, பிறகு 'ொ' என்ற ஒரே குறி. 250 ஜோடி ஏன் வந்தது என்றால், ஒவ்வொரு மெய்க்கும் கெ, கே, கை, கொ, கோ, கௌ என்று எல்லாக் கூட்டுகளையும் தனித்தனியாக எழுதியதால்தான். அந்தப் பட்டியலில் நீளமானவை முதலில் வர வேண்டும். இல்லாவிட்டால் 'என், ஜே' மட்டும் முதலில் 'தெ' ஆகி, தனியாக நிற்கும் எச் பிறகு துணைக்காலாகி, 'தெ'-யின் பின்னால் ஒட்டிக்கொள்ளும்.

இது மோசமான பிழை, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாது. 3014 என்ற ஒற்றைக்கொம்பும் 3006 என்ற துணைக்காலும் அடுத்தடுத்து வந்தால் திரையில் 3018 என்ற 'ொ' போலவேதான் தெரியும். ஆனால் கோப்பில் 'தொலைபேசி' என்று தேடினால் கிடைக்காது. அடுத்த ரீப்ளேஸும் பொருந்தாமல் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். யூனிகோடின் என்எஃப்சி நார்மலைசேஷன் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடும், பைத்தானில் யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸ் அதற்குத்தான். தமிழ் உரையில் எந்தத் தேடலுக்கும் முன்னால் அதை ஒரு முறை ஓட்டிவிடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இந்த நார்மலைசேஷனையே நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். நான் சொல்லும் வழி இப்படி ஓடும். முதலில் டிரான்ஸ்லேட், ஒவ்வொரு பாமினி எழுத்தும் அதன் தமிழ் வடிவமாகிறது, வரிசை தப்பாகவே இருக்கட்டும். 'தொ' இந்த நிலையில் ஒற்றைக்கொம்பு, த, துணைக்கால். அடுத்து ஒரு ரெஜெக்ஸ். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு இவற்றில் ஒன்று வந்து, அதன் பின் ஒரு மெய்யெழுத்து வடிவம் வந்தால், இரண்டையும் இடம் மாற்று. இப்போது த, ஒற்றைக்கொம்பு, துணைக்கால். கடைசியில் என்எஃப்சி கொம்பையும் காலையும் சேர்த்து 'ொ' ஆக்கிவிடும். கெ, கே, கை, கொ, கோ ஆகிய ஐந்து வகையும் எல்லா மெய்களுக்கும் இந்த ஒரே பேட்டர்னில் முடிந்துவிடுகின்றன. மெய்யெழுத்துக்கான இடத்தில் 'க்ஷ'-வை முதல் தேர்வாகவும், க முதல் ஹ வரையான ரேஞ்சை இரண்டாவது தேர்வாகவும் கொடுங்கள். இல்லையென்றால் கொம்பு க்-கும் ஷ-வுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

'கௌ' மட்டும் தனி. ௌகாரத்தின் பின்பகுதிக்கும் ள-வுக்கும் பாமினியில் ஒரே விசை. 'கௌரவம்' என்பதன் முன்பகுதியும் 'தெளிவு' என்பதன் முன்பகுதியும் ஒரே அமைப்பு, கொம்பு, மெய், ள. கண்மூடித்தனமான பட்டியல் எல்லாவற்றையும் ௌ ஆக்கிவிடும். இணையத்தில் 'தௌிவு', 'தௌிவாக' என்று ௌகாரத்தின் மேல் இன்னொரு குறி உட்கார்ந்திருக்கும் சொற்களைப் பார்த்திருப்பீர்கள், இப்படிப்பட்ட மாற்றிகளின் வேலை அது. இதற்குத் தீர்வு முன்நோக்கிப் பார்ப்பது. ள-வுக்குப் பின்னால் கால், இகர ஈகார உகர ஊகாரக் குறிகள், புள்ளி இவற்றில் ஒன்று இருந்தால் அது உண்மையான ள. இல்லாவிட்டால் ௌ. ரெஜெக்ஸின் எதிர்மறை லுக்அஹெட் இதை ஒரே வரியில் சொல்லிவிடும். இந்த ரெஜெக்ஸ் இடம் மாற்றும் ரெஜெக்ஸுக்கு முன்னால் ஓட வேண்டும். ரீப்ளேஸ் சங்கிலிக்கு அடுத்த எழுத்து என்ன என்று பார்க்கும் வசதியே கிடையாது. வேகம் சமமாகவே இருந்தாலும் நான் இந்த வழியைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

அப்படியானால் டிரான்ஸ்லேட்டை விட்டுவிட்டு, 250 ஜோடியையும் நேர்க்கோடு போட்டுப் பிரித்து ஒரே பெரிய ரெஜெக்ஸாக்கி, ஃபங்ஷன் மூலம் டிக்ஷனரியில் பார்த்து மாற்றினால் என்ன? பலரும் சொல்லும் யோசனை இது. இரண்டு காரணங்களால் இந்த வேலைக்கு அது பொருந்தாது. பைத்தானின் ரெஜெக்ஸ் எஞ்சின் பின்வாங்கித் தேடும் வகை. மாற்றுகளை எழுதிய வரிசையில் ஒவ்வொன்றாக முயலும், அவற்றை மரமாக அடுக்கிக்கொள்வதில்லை. பட்டியலின் கடைசியில் இருக்கும் எழுத்துக்கு முன்னால் உள்ள அத்தனையையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வரும். இரண்டாவது காரணம் பெரியது. பாமினி உரையில் ஏறக்குறைய ஒவ்வொரு எழுத்தும் ஒரு பொருத்தம். ஒவ்வொரு பொருத்தத்துக்கும் ஒரு மேட்ச் பொருள் உருவாகி, உங்கள் ஃபங்ஷன் ஒரு முறை அழைக்கப்படுகிறது. அதற்கு அரை மைக்ரோ விநாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 10 லட்சம் பொருத்தத்துக்கு அரை விநாடி அழைப்புக்கே போய்விடும். ரெஜெக்ஸ் மெதுவானது என்று பொதுவாகச் சொல்வதன் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்த அழைப்புச் செலவுதான்.

இடம் மாற்றும் ரெஜெக்ஸில் இது குறைவு, கொம்பு வரும் இடங்களில் மட்டும்தான் பொருத்தம். அங்கே ஃபங்ஷன் எழுதாமல், இரண்டாவது குழு, முதல் குழு என்று குழு எண்களை வைத்த மாற்று ஸ்ட்ரிங்கையே கொடுங்கள். பைத்தான் 3.12-இல் இப்படிக் குழு எண்கள் கொண்ட மாற்றங்கள் 2 முதல் 3 மடங்கு வேகமாக்கப்பட்டன. பழைய பதிப்பில் இருந்தால் மாறுவதற்கு இது ஒரு நல்ல காரணம்.

ஒரு எச்சரிக்கை. பாமினிக் கோப்பில் உண்மையான ஆங்கிலச் சொற்கள் கலந்திருந்தால், எந்த முறையும் அவற்றைத் தமிழ்க் குப்பையாக்கிவிடும். வேர்ட் கோப்பு என்றால் ஒவ்வொரு துண்டுக்கும் எழுத்துருப் பெயர் இருக்கும், பாமினி என்று இருப்பவற்றை மட்டும் மாற்றுங்கள். அப்புறம், அந்தத் துண்டுகள் குட்டிக் குட்டியாக இருக்கும் என்பதால், 250 ரீப்ளேஸ் சங்கிலியின் அழைப்புச் செலவு அங்கேதான் மிக அதிகமாக அடிக்கும்.

இது உங்கள் வேலைக்கான பதில். வேறு வகை வேலைக்கு விடை மாறும். ஒரு பெரிய தமிழ்த் தொகுப்பில் 5,000 எழுத்துப் பிழைகளைத் திருத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பொருத்தங்கள் அரிது, ஜோடிகள் மிக அதிகம். ரீப்ளேஸ் 5,000 முறை கடக்கும். பெரிய ரெஜெக்ஸ் ஒவ்வொரு இடத்திலும் நீண்ட பட்டியலோடு மல்லுக்கட்டும். முழுச் சொற்கள் மட்டும் என்றால் ஒரு நல்ல வழி இருக்கிறது. தமிழ் எழுத்துகளின் தொடர்ச்சியைப் பிடிக்கும் ஒரே சின்ன ரெஜெக்ஸ், பிடித்த சொல்லை டிக்ஷனரியில் பார்த்து, இருந்தால் மாற்று, இல்லையென்றால் அதையே திருப்பு. ஜோடிகள் 5,000 ஆனாலும் 50,000 ஆனாலும் நேரம் ஏறக்குறைய அதேதான். சொல் எழுத்துக்கான வழக்கமான சுருக்கக் குறியை இங்கே நம்பாதீர்கள். பைத்தானின் ரெஜெக்ஸில் உயிர்க்குறிகளும் புள்ளியும் சொல் எழுத்துகளாகக் கணக்கில் வராது, 'தமிழ்' என்பது 'தம', 'ழ' என்று இரண்டு துண்டாகிவிடும். தமிழ்க் குறியெண்களின் ரேஞ்சை நேரடியாகக் கொடுங்கள்.

ஆனால் தமிழில் முழுச் சொல் பொருத்தம் பல இடங்களில் போதாது. 'சென்னை' பட்டியலில் இருக்கும், உரையில் 'சென்னையிலிருந்து' என்று வரும். சொல்லுக்குள் தேட வேண்டும் என்றால் ஆஹோ-கொராசிக் முறைதான் சரியான கருவி. 1975-இல் ஆல்ஃபிரட் ஆஹோவும் மார்கரெட் கொராசிக்கும் பெல் ஆய்வகத்திலிருந்து வெளியிட்டது. எல்லாச் சொற்களையும் ஒரு மரமாக்கி, உரையை ஒரே முறை கடந்து, அத்தனை பொருத்தங்களையும் கண்டுபிடிக்கும். பைத்தானுக்குப் பைஆஹோகொராசிக் என்ற நூலகம் இருக்கிறது. ஃபிளாஷ்டெக்ஸ்ட் என்ற நூலகத்தையும் பலர் சொல்வார்கள். அதில் ஆங்கில எழுத்துகள், எண்கள், அடிக்கோடு இவற்றை மட்டுமே சொல்லின் பகுதியாகக் கொள்ளும்படி முன்னிருப்பு அமைந்திருக்கிறது. அதன் கண்ணில் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் ஒரு சொல் எல்லை. தமிழ் எழுத்துகளைச் சேர்த்துக் கொடுக்காமல் பயன்படுத்த வேண்டாம்.

மற்ற மொழிகளைப் பற்றிச் சுருக்கமாக. பிஎச்பி-யில் ஸ்டர்ரீப்ளேஸுக்கு அரே கொடுத்தால் அது வரிசையாக மாற்றும். எஸ்டிஆர்டிஆர்-க்கு அரே கொடுத்தால் நீளமானதை முதலில் முயலும், மாற்றியதைத் திரும்பத் தொடாது. எழுத்துரு மாற்றிக்கு இரண்டாவதுதான் சரியான பொருள் தருகிறது. கோ மொழியின் நியூரீப்ளேசர் உள்ளே மரம் கட்டிக்கொண்டு ஒரே கடப்பில் வேலை முடிக்கும். ஆனால் ஒரே இடத்தில் இரண்டு பொருந்தினால் நீங்கள் முதலில் கொடுத்ததை எடுக்கும் என்பதால், நீளமானவற்றை நீங்களே முன்னால் வைக்க வேண்டும். ஜாவாவில் 8 வரை, ஸ்ட்ரிங்கின் சாதாரண ரீப்ளேஸ்கூட உள்ளே ரெஜெக்ஸைப் பயன்படுத்தியது. 9-இல் அது நேரடித் தேடலாக மாற்றி எழுதப்பட்டது. ஜாவா ரீப்ளேஸ் மெதுவானது என்ற பழைய ஒப்பீடுகளைப் படித்தால் எந்தப் பதிப்பு என்று பாருங்கள்.

கடைசியாக அளக்கும் விதம். டைம்இட் மாட்யூலின் ரிப்பீட்டைப் பயன்படுத்தி, வரும் நேரங்களில் மிகக் குறைந்ததை எடுங்கள், சராசரியை அல்ல. கூடுதல் நேரம் பெரும்பாலும் கணினியில் ஓடும் மற்ற வேலைகளால் வருவது. ஒரு வரி மாதிரியை வைத்து அளக்காதீர்கள், உங்கள் உண்மையான கோப்பு ஒன்றை முழுதாக மெமரியில் ஏற்றி, படிக்கும் நேரத்தைத் தனியாக வைத்து அளங்கள். ரெஜெக்ஸை முன்கூட்டியே கம்பைல் செய்து, டிரான்ஸ்லேட் அட்டவணையை லூப்புக்கு வெளியே ஒரே முறை கட்டுங்கள். அளப்பதற்கு முன், பழைய சங்கிலியின் வெளியீட்டையும் புது வழியின் வெளியீட்டையும் என்எஃப்சி-க்குக் கொண்டுவந்து ஒப்பிடுங்கள். வேறுபடும் வரிகளை ஒரு கோப்பில் எழுதிப் படியுங்கள். ௌகாரம் வரும் இடங்கள், க்ஷ, ஸ்ரீ, ஆங்கிலம் கலந்த வரிகள் இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வேறுபாடுகள் எல்லாவற்றிலும் புது வழியே சரி என்று உறுதியான பிறகு நேரத்தை அளங்கள்.